கோடியக்கரையில் நான் சேகரித்தது



போன மாதம் நம் பள்ளிப் பசுமைப் படையிலிருந்து 22 பேர் கோடியக்கரைக்கு இயற்கை முகாம் போய் வந்தோம். சனி, ஞாயிறு இரண்டு நாள். நடுவில் ஒரு ராத்திரி தங்கல். வந்த நாளிலிருந்து "என்ன பார்த்தீங்க? என்ன கொண்டு வந்தீங்க?" என்று எல்லாரும் கேட்டுக்கிட்டே இருக்கீங்க. பார்த்ததை எழுதுகிறேன். கொண்டு வந்ததைப் பற்றியும் எழுதச் சொல்லி டீச்சர் சொன்னாங்க. அதை எழுதத்தான் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

முதலில் கோடியக்கரை எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். தமிழ்நாடு வரைபடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கிழக்குக் கடற்கரை சென்னையிலிருந்து கீழே இறங்கி வரும். ஓரிடத்தில் முழங்கையை மடக்கினது போல மேற்கே திரும்பும். அந்த முழங்கை முனைதான் கோடியக்கரை. வேதாரண்யத்தில் இறங்கி இன்னொரு பஸ் பிடித்துத் தெற்கே போக வேண்டும். வழியில் இரண்டு பக்கமும் உப்பளம். 1967-ல் இதை வனவிலங்கு சரணாலயம் ஆக்கினார்கள். 2002-ல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்த்தார்கள்.

காடு என்றால் மலையும் அருவியும் இருக்கும் என்று நான் நினைத்திருந்தேன். இங்கே மலையே இல்லை. ராமர் பாதம் என்று ஒரு மணல்மேடு இருக்கிறது, அதுதான் உயரமான இடம். அதில் ஏற எனக்கு மூச்சுகூட வாங்கவில்லை! மரங்களும் உயரமாக இல்லை. ஆனால் அடர்த்தியாக, முள்ளும் கொடியுமாகப் பின்னிக்கிடக்கிறது. இதற்கு 'உலர் பசுமைமாறாக் காடு' என்று பெயர். மழை கொஞ்ச மாதம்தான் பெய்யும், ஆனாலும் இலை முழுவதும் கொட்டாது. இங்கே நிறைய இருப்பது பாலை மரம். கோடை காலத்தில் மஞ்சளாகச் சின்னச் சின்னதாகப் பாலப்பழம் விற்க வருமே, சாப்பிட்டால் உதடு ஒட்டிக்கொள்ளுமே, அந்த மரம்தான். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம்தான் கரை கடந்தது. அப்போது விழுந்த மரங்களின் அடிக்கட்டை இன்னும் அங்கங்கே கிடக்கிறது. மான்களும் குதிரைகளும் நிறைய செத்துப்போனதாம். எனக்கு அந்தப் புயலில் எங்கள் வீட்டுக் கூரை பறந்தது மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது.

மண்ணைப் பார்த்து நடக்கணும்

எங்களைக் கூட்டிக்கொண்டு போனவர் ஒரு வனக்காவலர் அண்ணன். போன உடனே "மான் எங்கண்ணே?" என்று எல்லாரும் கத்தினோம். அவர் கோபப்படாமல், "இப்படிக் கத்துனா மான் உங்களைப் பாத்துடும், நீங்க மானைப் பாக்க முடியாது"ன்னு சொன்னாரு. அப்புறம், மேலே பார்த்து நடக்காதீங்க, கீழே பார்த்து நடங்க என்றார்.

கீழே பார்த்தால் மண் முழுக்க எழுத்து மாதிரி இருந்தது. அதை எப்படிப் படிக்கிறது என்று அவர் சொல்லிக் கொடுத்ததை உங்களுக்கும் சொல்கிறேன். மான் காலடி இரண்டாகப் பிளந்திருக்கும், ஒரு புளியங்கொட்டையை இரண்டாகப் பிளந்து பக்கத்தில் வைத்தது மாதிரி. குதிரைக்குப் பிளவு கிடையாது, ஒரே வட்டம். (இங்கே மட்டக் குதிரைகள் யாரும் வளர்க்காமல் தானாகவே திரிகின்றன. எப்பவோ மனிதர்கள் வளர்த்து விட்டுவிட்டதின் வம்சம்.) பன்றிக்குப் பிளவும் உண்டு, ஈரமண்ணில் பின்னால் இரண்டு சின்னப் புள்ளியும் விழும். நரிக்கு நான்கு விரல், முன்னால் நகம் குத்தின அடையாளம் இருக்கும். பூனை இனத்துக்கும் நான்கு விரல்தான், ஆனால் நடக்கும்போது நகத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும், அதனால் நகத் தடம் விழாது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு நம்ம ஊர் வாய்க்கால் கரையிலேயே எவ்வளவோ படிக்கலாம்.

ஒரு இடத்தில் நரியின் எச்சம் கிடந்தது. நாங்கள் எல்லாரும் "சீச்சீ" என்று தள்ளிப் போனோம். அண்ணன் ஒரு குச்சியால் கிளறிக் காட்டினார். உள்ளே விதைகள், கொஞ்சம் மயிர், நண்டு ஓட்டுத் துண்டு! நரி கடற்கரைக்கு வந்து நண்டு தின்னும் என்று எந்தப் பாடத்திலும் நான் படித்ததில்லை. நரி என்றால் திராட்சைக்குத் தாவும், வடையைப் பறிக்கும் என்றுதானே நமக்குத் தெரியும்.

மானையும் கடைசியில் பார்த்தோம். காட்டைத் தாண்டினால் புல்வெளி. அங்கே வெளிமான் கூட்டம், எண்ணிப் பார்த்ததில் 31 இருந்தன. ஆணுக்கு முதுகு கறுப்பு, வயிறு வெள்ளை, கொம்பு முறுக்கின மாதிரி இருக்கும். பெண்ணுக்குக் கொம்பு இல்லை, நிறம் மண் நிறம். ஒன்று ஓட ஆரம்பித்தால் எல்லாம் ஓடும், ஓடும்போதே நடுவில் காரணமில்லாமல் ஒரு துள்ளல். புள்ளிமானும் இங்கே உண்டு. இரண்டின் கொம்பும் ஒன்றல்ல, இதைப் பரீட்சைக்கும் வைத்துக்கொள்ளலாம். புள்ளிமானின் கொம்பு கிளை விட்டிருக்கும், உள்ளே முழு எலும்பு, விழுந்து விழுந்து மறுபடி முளைக்கும். வெளிமானின் கொம்பு கிளைக்காது, விழாது, எலும்பு முளையின் மேல் உறை போட்டது மாதிரி கடைசிவரை வளரும்.

விழுந்த கொம்பு என்ன ஆகும் என்று என் தோழி கேட்டாள். அவள் எடுத்துக்கொண்டு போகலாமா என்பதற்காகத்தான் கேட்டாள், எனக்குத் தெரியும். அண்ணன் சிரித்துக்கொண்டே, "அதை மானே கடிச்சுத் தின்னும், சுண்ணாம்புச் சத்து வேணுமில்ல"ன்னு சொன்னாரு. எலியும் முள்ளம்பன்றியும்கூடக் கொம்பைக் கொறிக்குமாம். காட்டில் குப்பை என்று எதுவுமே கிடையாது போலிருக்கிறது.

புல்வெளியில் சீமைக் கருவேலம் ஏறிக்கொண்டே வருகிறது. வெளிமானுக்குத் திறந்த வெளி வேண்டும், தூரத்தில் வருவதைப் பார்த்து ஓடுகிற பிராணி அது. குதிரைகள் கருவேல நெற்றைத் தின்று விதையைச் சாணத்தோடு புல்வெளியில் போட்டுவிடுகின்றன. வனத்துறை வெட்டிக்கொண்டே இருக்கிறார்கள், அது முளைத்துக்கொண்டே இருக்கிறது.

காலடியை நீங்களும் சேகரிக்கலாம். நான் ஊருக்கு வந்த பிறகு செய்து பார்த்தேன். ஹார்டுவேர் கடையில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பவுடர் கிடைக்கும். ஈரமண்ணில் நல்ல தடம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, சுற்றிலும் அட்டையை வளையமாக நட்டுக்கொள்ளுங்கள். பவுடர் இரண்டு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு. தண்ணீரில் பவுடரைப் போட்டு தோசை மாவு பதத்துக்குக் கலக்கி, ஓரத்திலிருந்து மெதுவாக ஊற்றுங்கள். நடுவில் ஊற்றினால் தடம் கலைந்துவிடும், எனக்கு முதல் இரண்டும் அப்படித்தான் போச்சு. கலக்கும்போதும் இறுகும்போதும் சூடாகும், அதனால் கையை உள்ளே விடக் கூடாது. அரை மணி நேரத்துக்கு மேல் விட்டு எடுங்கள். மண்ணில் பள்ளமாக இருந்தது இதில் மேடாக இருக்கும். பின்பக்கம் தேதி, இடம், என்ன பிராணி என்று எழுதுங்கள். நாய், ஆடு, கொக்கு மூன்றும் இந்தச் சுவரிதழுக்குக் கீழே மேசையில் வைத்திருக்கிறேன். கொக்கைத் தொடாதீர்கள், விரிசல் விட்டிருக்கிறது.

பறவையை எண்ணுவது

மத்தியானம் புளிசாதம் சாப்பிட்டுவிட்டு சதுப்புப் பக்கம் போனோம். கண்ணுக்கு எட்டின தூரம் தண்ணீர், ஆனால் கணுக்கால் ஆழம்தான் இருக்குமாம். தூரத்தில் ஒரு வெள்ளைக் கோடு. டீச்சரின் பைனாகுலரில் பார்த்தால் அந்தக் கோடு முழுவதும் பூநாரை!

பூநாரை தலையைக் கவிழ்த்து அலகைத் தலைகீழாகத் தண்ணீரில் வைத்து மேயும். அலகுக்குள் சல்லடை மாதிரி அமைப்பு இருக்கிறது. தண்ணீரையும் சேற்றையும் வெளியே தள்ளிவிட்டு, சின்னச் சின்ன இறால், பாசி, பூச்சியை மட்டும் வைத்துக்கொள்ளும். அதன் இளஞ்சிவப்பு நிறமும் அந்தச் சாப்பாட்டில் இருந்து வருவதுதான். குஞ்சாக இருக்கும்போது சாம்பல் நிறமாகத்தான் இருக்கும். அம்மா கேரட் சாப்பிட்டால் சிவப்பாகலாம் என்பார்கள், பூநாரைக்கு மட்டும் அது உண்மை.

இத்தனையையும் எப்படி எண்ணுவது? ஒவ்வொன்றாக எண்ணினால் நடுவில் நான்கு பறந்துவிடும். முதலில் பத்தை எண்ணுங்கள். அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று மனதில் வைத்துக்கொண்டு, அதே அளவு எத்தனை முறை வருகிறது என்று பாருங்கள். எனக்கு 24 முறை வந்தது, அதாவது சுமார் 240. என் தோழிக்கு 210. இரண்டையும் நோட்டில் எழுதிக்கொண்டோம், டீச்சர் அடிக்கச் சொல்லவில்லை.

எனக்கு அதிகம் பிடித்தது பூநாரை இல்லை, கொசு உள்ளான். குருவி அளவு, எடை 20, 30 கிராம்தான். ஈரச் சேற்றில் தையல் மிஷின் ஊசி மாதிரி குத்திக் குத்தி ஓடுகிறது. அது வட துருவத்துக்குப் பக்கத்தில், சைபீரியாவில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர் வரும் முன்னால் இங்கே வருகிறது. இது எப்படித் தெரிந்தது? பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்காரர்கள் பல பத்தாண்டுகளாகக் கோடியக்கரையில் பறவைகளை வலையில் பிடித்து, எடை போட்டு, அளந்து, காலில் எண் போட்ட லேசான வளையம் மாட்டிப் பறக்கவிடுகிறார்கள். சலீம் அலி இந்த வேலைக்காக இங்கே வந்திருக்கிறார். அந்த வளையத்தோடு பறவை வேறு எங்கேயாவது கிடைத்தால், எண்ணை வைத்து எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிடும். பறவை பறந்துபோச்சு, ஆனாலும் அதைப் பற்றிய விவரம் நம்மிடம் இருக்கிறது. இதைக் கேட்டபோது நான் சரியாகக் கவனிக்கவில்லை. அடுத்து நடந்ததுக்கு அப்புறம்தான் புரிந்தது.

என் பையில் கேட்ட சத்தம்

சாயங்காலம் கடற்கரை. இங்கேதான் நான் செய்த தப்பு.

பஸ்ஸிலேயே டீச்சர், "சரணாலயத்திலிருந்து ஒரு இலையைக்கூட எடுக்கக் கூடாது"ன்னு சொல்லியிருந்தாங்க. என் காதில் விழுந்தது. ஆனால் அது மானுக்கும் பறவைக்கும் சொன்னது, சிப்பி கரையில் சும்மாதானே கிடக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அறிவியல் கண்காட்சிக்குத் தெர்மாகோலில் வரிசையாக ஒட்டி 'கடல் சிப்பிகள்' என்று தலைப்பு எழுதுகிற வரைக்கும் யோசித்து வைத்திருந்தேன். யாருக்கும் தெரியாமல் துப்பட்டாவில் சேர்த்தது 23. சிப்பி, சோழி, சின்னச் சங்கு. எல்லாவற்றையும் குழாய்த் தண்ணீரில் மணல் போகக் கழுவி, பாலித்தீன் கவரில் போட்டு இறுக்கி முடிச்சுப் போட்டு, பைக்குள் வைத்துவிட்டேன்.

ராத்திரி வனத்துறைக் கட்டடத்தில் தார்ப்பாய் விரித்துப் படுத்தோம். நரி ஊளையிட்டது. முதலில் ஒன்று, அப்புறம் நான்கைந்து. எல்லாரும் பயத்தில் ஒட்டிக்கொண்டு படுத்தோம், அதுவே ஜாலியாக இருந்தது. எல்லாரும் தூங்கின பிறகு தலைமாட்டில் 'கரக்... கரக்' என்று சத்தம். எலி என்று நினைத்து பையைக் காலால் தள்ளிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்றுவிட்டது.

விடிந்ததும் கவரைப் பிரித்தேன். கட்டைவிரல் அளவு சங்கு ஒன்றிலிருந்து ஒரு நண்டு முழுவதும் வெளியே வந்து கிடந்தது. முன்பக்கம் நண்டு மாதிரி கால், கொடுக்கு. பின்பக்கம் ஓடே இல்லை, மெத்தென்று, கொக்கி மாதிரி வளைந்து. அசையவில்லை. தொட்டுப் பார்த்தேன். செத்திருந்தது.

நான் அழுததில் தோழி எழுந்து, அவள் டீச்சரை எழுப்பி, எல்லாருக்கும் தெரிந்துபோச்சு. டீச்சர் திட்டுவாங்கன்னு நினைச்சேன். திட்டவில்லை. "இது எப்படிச் செத்துதுன்னு கண்டுபிடி"ன்னு மட்டும் சொன்னாங்க. திட்டியிருந்தாலே பரவாயில்லை.

அது சங்கு நண்டு. புத்தகத்தில் துறவி நண்டு என்று போட்டிருக்கும். மற்ற நண்டுக்கு உடம்பு முழுக்க ஓடு உண்டு. இதற்கு முன்பாதிக்கு மட்டும்தான். மெத்தென்ற பின்பாதியைக் காப்பாற்ற, செத்துப்போன நத்தையின் காலிச் சங்கைத் தேடி உள்ளே புகுந்துகொள்ளும். கடைசிச் சின்னக் கால்களால் சங்கை உள்ளிருந்து பிடித்துக்கொள்ளும், ஆபத்து வந்தால் உள்ளே இழுத்துக்கொண்டு கொடுக்கால் வாசலை அடைத்துவிடும். நான் பார்த்தபோது அடைத்துக்கொண்டுதான் இருந்திருக்கும். அதான் வெறும் சங்கு என்று எடுத்துவிட்டேன்.

நண்டு வளரும், சங்கு வளராது. அதனால் வளர வளர பெரிய சங்கு தேடணும். ஒரு பெரிய காலிச் சங்கு கரை ஒதுங்கினால், அதன் பக்கத்தில் நண்டுகள் பெரியதிலிருந்து சின்னது வரை வரிசையாக நிற்குமாம். பெரியது புதுச் சங்குக்குள் போனதும் அதன் பழைய சங்கில் அடுத்தது, அதன் சங்கில் அதற்கு அடுத்தது என்று சட்டுச் சட்டென்று வீடு மாறிக்கொள்ளும். எங்கள் வீட்டில் அக்கா பாவாடை எனக்கு, என் பாவாடை தங்கைக்கு வருகிற மாதிரி. அப்படியென்றால் நான் எடுத்த 23-ல் காலியாக இருந்த சங்குகளும் சும்மா கிடந்தவை இல்லை.

எப்படிச் செத்தது? கடல் நண்டு செவுளால் சுவாசிக்கிறது, அது உப்புத் தண்ணீரில் நனைந்திருக்கணும். நான் அதை நல்ல தண்ணீரில் கழுவி, காற்றுப் போகாத கவரில் கட்டினேன். தாங்க முடியாமல் தன் வீட்டையே விட்டு வெளியே வந்திருக்கிறது. கரக் கரக் என்றது அதுதான். இதை நோட்டில் எழுதி டீச்சரிடம் காட்டினேன். சரி என்று டிக் போட்டாங்க.

சீட்டு இல்லாத சிப்பி

காலையில் அண்ணன் வந்தார். அவரிடமும் சொன்னேன். அவர் சட்டத்தைச் சொன்னார். 1972-ம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, சரணாலயத்துக்குள்ளிருந்து அனுமதி இல்லாமல் எதையும் எடுக்கக் கூடாது. இறகு, கொம்பு, முட்டை, செடி எல்லாம் அதில் அடக்கம். கடல் அட்டை, கடல் குதிரை இரண்டையும் 2001-லிருந்து எங்கே பிடித்தாலும் குற்றம்.

"அப்புறம் மியூசியத்துல மட்டும் எப்படிண்ணே வச்சிருக்காங்க?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதோ என்று நினைத்தேன், ஆனால் அவர் நல்ல கேள்வி என்றார். ஆராய்ச்சிக்காரர்கள் அனுமதி வாங்கி, தேவையான அளவு மட்டும் எடுப்பார்கள். எடுத்ததும் சீட்டு எழுதுவார்கள்: என்ன, எங்கே, எந்தத் தேதி, யார் எடுத்தது. சீட்டு இல்லாவிட்டால் அது ஆராய்ச்சிக்கு உதவாது. "உன் இருபத்து மூணுல ஏதாவது ஒண்ணு எங்க எடுத்ததுன்னு சொல்லு பாப்போம்" என்றார். எனக்கு ஒன்றுகூடத் தெரியவில்லை. தண்ணீர் ஓரத்திலா, மணல்மேட்டிலா, உயிரோடு இருந்த இடமா, அலை கொண்டு வந்து போட்டதா, எதுவும் தெரியாது.

அப்புறம் ஆமைக் குஞ்சு பொரிப்பகத்துக்குக் கூட்டிப் போனார். ஜனவரியிலிருந்து பங்குனி ஆமைகள் ராத்திரியில் கரையேறி மணலில் குழி தோண்டி முட்டை இடும். ஒரு குழியில் நூறு முட்டைபோல இருக்கும். நரியும் நாயும் தோண்டிவிடும் என்பதால், வனத்துறையினர் விடியும் முன்னால் தடம் பார்த்துப் போய் முட்டையைப் புரட்டாமல் எடுத்து வந்து வேலிக்குள் அதே ஆழத்தில் புதைக்கிறார்கள். ஏறக்குறைய ஐம்பது நாளில் குஞ்சு வரும், கடலில் விடுவார்கள். மணலின் சூடு கூடினால் பெண் ஆமை, குறைந்தால் ஆண் ஆமை ஆகுமாம். நாங்கள் போனபோது மூன்று குழிதான் இருந்தது. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு குச்சி, குச்சியில் அட்டை. அதில் தேதி, எடுத்த இடம், எத்தனை முட்டை. நான் அந்த மூன்று அட்டையையும் நோட்டில் அப்படியே பார்த்து எழுதிக்கொண்டேன்.

என் சிப்பிகளை என்ன செய்வது என்று கேட்டேன். எடுத்த இடத்துல போட்டுடு என்றார். எடுத்த இடம்தான் தெரியாதே! அலை வந்து தொடுகிற ஓரமாகப் பார்த்து வைத்தேன். செத்த நண்டை மணலில் வைத்தேன். அதன் சங்கைக் கடல் தண்ணீரில் அலசிக் கொஞ்சம் தள்ளி வைத்தேன். பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்ததால் பத்தடி தள்ளி உட்கார்ந்து பார்த்தேன். நோட்டில் எழுதினது இது:

9.35 – ஒன்றும் வரவில்லை. வெயில்.

9.42 – செத்த நண்டை ஒரு குழி நண்டு இழுத்துக்கொண்டு போய்விட்டது. இழுத்த தடம் ஒரு கோடு மாதிரி இருக்கிறது.

9.50 – சின்னச் சங்கு நண்டு ஒன்று வருகிறது. என் சங்கை மீசையால் தடவுகிறது. வாசலில் கொடுக்கை விட்டுப் பார்க்கிறது. உருட்டுகிறது.

9.54 – தன் சங்கைவிட்டு இதற்குள் போய்விட்டது!

9.57 – வெளியே வந்து மறுபடி பழைய சங்குக்கே போய்விட்டது. இது அதற்குப் பெரிசு போல.

10.05 – பஸ் ஹாரன். டீச்சர் கூப்பிடுகிறார்கள். சின்ன நண்டு இன்னும் பக்கத்தில்தான் நிற்கிறது. பின்னால் இன்னொன்று வருகிறது, அது கொஞ்சம் பெரியது.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி, பசுமைப் படை